ஆண்மைக் குறைவுக்கு மரபணு ஊசி: எந்த அளவில் இருக்கிறது?

'ஒரே ஊசி, ஆறு மாதம் கவலையில்லை' என்ற பேச்சு மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்கள் வரை வந்துவிட்டது. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊசி இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கமான சிகிச்சையாகக் கிடைப்பதில்லை.

2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 11 ஆண்களிடம் நடத்திய முதல் சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாக்ஸி-கே என்ற பொட்டாசியம் வாய்க்காலுக்கான (தசைச் செல்லின் சுவரில் பொட்டாசியம் போகும் வழி) மரபணுவை, வைரஸ் இல்லாமல், வெறும் டிஎன்ஏவாக ஆணுறுப்பின் திசுவில் ஒருமுறை ஏற்றினார்கள். அந்த வாய்க்கால் திறந்தால் பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே வருவது குறையும், தசை தளரும், ரத்தம் பாயும். 500 மைக்ரோகிராமில் தொடங்கி 7,500 வரை போனார்கள். கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. 24 வாரம் வரை பலன் நீடித்தது, உயர்ந்த அளவு போட்டுக்கொண்ட இரண்டே பேருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று ஊசி போட்ட குழு இல்லை. நம்பிக்கையே பாதி வேலை செய்துவிடும் நோய் இது. இரண்டு பேரை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இந்த ஆராய்ச்சி முக்கியம்தான். சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயின் உள்சுவரையும் கெடுப்பதால், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை அந்த நைட்ரிக் ஆக்சைடு எழுப்பும் சமிக்ஞையைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சமிக்ஞையே இல்லையென்றால் காப்பாற்ற என்ன இருக்கிறது? 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4% பேருக்கு இனிப்பு நீர் இருந்தது.

அதனால் ஊசிக்குக் காத்திராமல் அரசாங்க கிளினிக்கில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவு பார்க்க ரத்தம் எடுப்பதென்றால் காலை 11 மணிக்குள். ஆணுறுப்பின் குழாய் 1-2 மில்லிமீட்டர்தான், இதயக் குழாய் 3-4. சின்னது முதலில் அடைபடும். நாற்பது வயதில் வரும் இந்தக் குறை, இதயத்துக்கு வரப்போவதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

'மாத்திரை வேலை செய்யல டாக்டர்' என்பவர்களில் பலர் வாழையிலைச் சாப்பாட்டை முடித்த கையோடு விழுங்கியவர்கள். கொழுப்புச் சாப்பாடு சில்டெனாஃபிலைத் தாமதமாக்கும். வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும். ஆசையும் தூண்டுதலும் இல்லாமல் அது தானாக எழுப்பாது. ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். ஐந்தாறு தடவை பார்த்த பிறகே அளவை மாற்றுவது பற்றி டாக்டரிடம் பேசலாம்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தை) மூலிகை என்று விற்கும் 'காப்பி ஜந்தான்' (ஆண்மைக் காப்பி) வேறு ரகம். இவற்றில் சில்டெனாஃபிலையோ அதே வகை மருந்தான தடாலாஃபிலையோ சொல்லாமல் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மூலிகை இருபது நிமிடத்தில் வேலை காட்டாது. இதய நோயாளி நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் (நைட்ரோகிளிசரின்) மாத்திரையோடு இந்த மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். ஜிடிஎன் வைப்பதற்கு முன் சில்டெனாஃபிலுக்கு 24 மணி நேரமும் தடாலாஃபிலுக்கு 48 மணி நேரமும் இடைவெளி வேண்டும். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால், மனைவி பக்கத்தில் நின்றாலும் காப்பி குடித்ததைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அங்கே கொடுப்பது ஜிடிஎன்னாகவே இருக்கலாம்.