ஜவ்வு விலகுவதில்லை, பிதுங்குகிறது

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ‘ஜவ்வு விலகிடுச்சாம்’ என்பவர்கள் பலர். உண்மையில் அது எங்கும் விலகுவதில்லை. ஜவ்வு என்று நாம் சொல்லும் டிஸ்க், மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளோடு இறுகப் பிணைந்தது. கேரம் காய் போல நழுவி ஓடாது. ஆனால் கிழியும், பிதுங்கும்.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என அசையும் முள்ளெலும்புகள் 24, டிஸ்க்குகள் 23. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் கிடையாது. டிஸ்க்கின் வெளிப்புறம் அடுக்கடுக்கான நார் வளையம். ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும். நடுவில் கூழ். இளவயதில் அதில் சுமார் 80 சதவீதம் நீர். பகலெல்லாம் உடல் எடை அழுத்துவதில் கொஞ்சம் நீர் கசிந்துவிடும், இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் அளந்த உயரம் மாலையில் ஒரு சென்டிமீட்டராவது குறைவது இதனால்தான். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் இரத்தக்குழாய் அநேகமாக இல்லை என்பதால் அதில் விழுந்த கிழிசல் ஆற நாளாகும்.

குனிந்து பாரம் தூக்கும்போது கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. பின்புறம் நடுவில் ஒரு தசைநார் தாங்குகிறது. இடுப்பில் அது குறுகலானது. ஆகவே பிதுக்கம் பெரும்பாலும் நடுவைவிட்டு ஓரமாக வரும். நரம்பு வேர் போவதும் அங்கேதான். அதிகம் அடிபடுபவை கடைசி இரண்டு டிஸ்க்குகள். நான்காம், ஐந்தாம் இடுப்பெலும்புகளுக்கு நடுவே என்றால் கால் பெருவிரலை மேலே தூக்க வலு குறையும், புறங்கால் மரத்துப்போகும். அதற்குக் கீழுள்ளது என்றால் நுனிக்காலில் எழும்பி நிற்க முடியாது, சுண்டுவிரல் பக்கம் மரக்கும். இடுப்பைவிடக் கால் அதிகம் வலித்தால், தும்மும்போது கெண்டைக்கால் வரை சுரீரென இழுத்தால், நரம்பைச் சந்தேகிக்கலாம்.

ஸ்கேன் அறிக்கையை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத 20 வயதினரிலும் ஏறத்தாழ 37 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது.

இன்னொரு வியப்பு: வளையத்தைக் கிழித்து முழுதாக வெளியே வந்த கூழ், பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சிறு வீக்கத்தைவிட நன்றாகச் சுருங்கும். வெளியே வந்ததும் இரத்தத்தின் எல்லைக்குள் அகப்பட்டுவிடுகிறது; விழுங்கணுக்கள் அதை அரித்துத் தின்கின்றன. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கால்வலி தணிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரிரு நாளுக்கு மேல் படுக்கையில் கிடப்பதால் பலனில்லை. தாங்கும் அளவுக்கு நடக்கலாம்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. தண்டுவடம், இடுப்பின் முதல் முள்ளெலும்பை ஒட்டி முடிந்துவிடும். அதன்கீழ் நரம்புகள் குதிரைவால்போலத் தொங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கற்றையையே நசுக்கினால் சிறுநீர் வராமல் நின்றுபோகும், மலம் அடக்க முடியாது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துவிடும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவை தாமதமாகத் தாமதமாகச் சிறுநீர்ப்பை மீளும் வாய்ப்பு குறைகிறது.