தெர்மல் கேமராவில் தெரியாதவர் அங்கேதான் இருந்தார்

போன மாதம் ஒரு காணொளியை அனுப்பிப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். ட்ரோனில் மாட்டிய, வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா எடுத்த பதிவு, 22 நிமிடம். மறதி நோய் உள்ள பெரியவர் ஒருவர் வீட்டிலிருந்து நடந்தே வெளியேறிவிட்டார், அவரைத் தேடியபோது எடுத்தது. பாறையும் புதருமான ஒரு சரிவின் மேல் மதியம் இரண்டு மணிக்கு ட்ரோனை ஓட்டியிருக்கிறார்கள். "இங்கே ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு, தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அதே சரிவில், ஒரு மரத்தடியில் அவர் கிடைத்தார். நல்லவேளை, உயிரோடு. ஆனால் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் இல்லாமல் அங்கேயே கிடந்திருக்கிறார்.

அந்தப் பதிவில் அவர் இருக்கிறார். பதினான்காவது நிமிடத்தில், மர நிழலுக்கு வெளியே நீண்டிருந்த ஒரு கால் தெரிகிறது. ட்ரோனை ஓட்டியவர் கண்ணில் அது படவில்லை, ஏனென்றால் அவர் வெள்ளைப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தார். "சூடாக இருப்பது வெள்ளையாகத் தெரியும், மனிதன் சூடு, அதனால் வெள்ளையைத் தேடு" என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மதிய வெயிலில் பாறை 50 டிகிரியில் இருக்கும்போது 35 டிகிரி மனிதத் தோல் கறுப்பாகத்தான் தெரியும். அந்தக் கால் கறுப்பாகத் தெரிந்தது.

தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. கேமராவோ மைக்கோ எதை எட்டும், எதைத் தவறவிடும் என்று வெளியில் கொண்டுபோய் அளந்து சொல்வேன். இந்த ஆண்டில் மட்டும் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பதிவு இது. மூன்றிலும் கருவி பழுதில்லை. மூன்றிலும் "கேமராவில் தெரியவில்லை" என்பதை "ஆள் இல்லை" என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் வேர் ஒரே நம்பிக்கை: தெர்மல் கேமரா ஊடுருவிப் பார்க்கும் என்பது. சுவருக்கு அந்தப் பக்கம், மரத்துக்குக் கீழே, கூடாரத்துக்குள்ளே என்று எல்லாம் தெரியும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பொறுப்பில் இருப்பவர்களும் நம்புகிறார்கள். தெரியாது. தெர்மல் கேமரா சுவரையோ இலையையோ துணியையோ ஊடுருவுவதில்லை. தனக்கு நேரே இருக்கும் பொருளின் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. சுவரைக் காட்டினால் சுவரின் மேற்பரப்பு, இலையைக் காட்டினால் இலையின் மேற்பரப்பு, சட்டையைக் காட்டினால் சட்டையின் மேற்பரப்பு. பின்னால் இருப்பது அந்த மேற்பரப்பைச் சூடாக்கினால் அந்தச் சூடு தெரியும். சூடாக்கவில்லை என்றால் ஒன்றும் தெரியாது.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போன விஷயம். 1992-இல் ஓரிகன் மாநிலத்தில் டேனி கைலோ என்பவர் வீட்டுக்குள் விளக்கு போட்டுக் கஞ்சா வளர்க்கிறார் என்ற சந்தேகத்தில், அதிகாரிகள் தெருவில் வண்டியில் உட்கார்ந்தபடியே தெர்மல் கருவியால் அந்த வீட்டைப் பார்த்தார்கள். வாரண்ட் இல்லாமல் இப்படிப் பார்த்தது தவறு என்று 2001-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பைக் கேள்விப்பட்ட பலர், கருவி வீட்டுக்குள் பார்த்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது காட்டியது என்ன தெரியுமா? கார் நிறுத்தும் அறையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தன, அவ்வளவுதான். செடி தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் பார்த்த நேரம் அதிகாலை 3.20. பகல் வெயிலில் எந்தச் சுவர்தான் சூடாக இருக்காது?

கண்ணாடிக்கு வருகிறேன். மனித உடல் மிக அதிகமாக வெளியிடும் வெப்பக் கதிரின் அலைநீளம் 9.4 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. பெரும்பாலான தெர்மல் கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை பார்ப்பவை. அந்த அலைநீளத்துக்கு ஜன்னல் கண்ணாடி செங்கல் சுவர் மாதிரி. அதனால்தான் இந்தக் கேமராவின் லென்ஸையே சாதாரணக் கண்ணாடியில் செய்வதில்லை, பெரும்பாலும் ஜெர்மேனியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். கேமராவை ஜன்னலுக்குப் பின்னால் பொருத்திவிட்டு "வெளியே எதுவும் தெரியவில்லை, பழுதா?" என்று கேட்பவர்களைப் பல முறை சந்தித்திருக்கிறேன். தெரியாது. கண்ணாடியில் பிரதிபலிக்கும் உங்கள் முகம்தான் தெரியும். நின்று கொண்டிருக்கும் காருக்குள் யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா என்று ட்ரோனின் தெர்மல் கேமராவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்ட கார் அந்தக் கேமராவுக்கு மூடிய பெட்டி.

இலையும் அப்படித்தான். ஒவ்வோர் இலையும் ஒரு திரை. தண்ணீர் அதைவிட மோசம், மெல்லிய படலமே கதிரை விழுங்கிவிடும். மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருப்பவரின் ஈரத் துணி ஏறக்குறைய சுற்றுப்புறத்தின் குளிருக்கே வந்துவிடும். மீட்புப் பணியில் போர்த்தக் கொடுக்கும் வெள்ளி நிறத் தாளைப் பாருங்கள். அது உடம்பின் வெப்பத்தை உள்ளேயே நிறுத்துவதற்காகச் செய்தது. அதைப் போர்த்தியவர் வானத்தின் குளிரைப் பிரதிபலித்துக்கொண்டு கறுப்புத் திட்டாகத் தெரிவார். குளிரில் மாட்டிக்கொண்டவர் அதைக் கட்டாயம் போர்த்திக்கொள்ளத்தான் வேண்டும். கறுப்புத் திட்டையும் தேட வேண்டியது மேலே பறக்கவிடுபவரின் கடமை.

சரி, இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? தீயணைப்பு வீரர்களிடமிருந்து என்று நினைக்கிறேன். புகை நிறைந்த அறையில் அவர்கள் இந்தக் கேமராவால் ஆட்களைக் கண்டுபிடிப்பது உண்மை. புகைத் துகள் இந்தக் கேமரா பார்க்கும் அலைநீளத்தைவிட மிகச் சிறியது, அதனால் கதிர் அதைத் தாண்டி வந்துவிடுகிறது. மூடுபனியின் துளிகளோ ஏறக்குறைய அதே அளவோ பெரியதோ ஆனவை. அடர்ந்த மூடுபனியில் தெர்மல் கேமராவும் தடுமாறும். புகையில் பார்த்ததால் பனியிலும் பார்க்கும், பனியில் பார்த்தால் சுவரிலும் பார்க்கும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக நம்பிக்கையை ஏற்றிக்கொண்டே போய்விட்டோம்.

இரவில் படம் காட்டும் சாதாரண சிசிடிவி வேறு. அது 850 அல்லது 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் விளக்கைத் தானே அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்க்கிறது. அந்த ஒளி கண்ணாடியைத் தாண்டும், ஆனால் வெப்பத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டுக்கும் "இன்ஃப்ராரெட்" என்று ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

தூரம் இன்னொரு தலைவலி. பெட்டியில் "1 கி.மீ." என்று போட்டிருக்கும். எதற்கு 1 கி.மீ.? 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தார். ஏதோ இருக்கிறது என்று அறிவது ஒன்று, அது மனிதனா விலங்கா என்று அறிவது ஒன்று, துல்லியமாக அடையாளம் காண்பது ஒன்று. இன்றைய கணக்கில் தோராயமாகச் சொன்னால், பொருளின் குறுகிய பக்கத்தில் முறையே 2, 8, 13 பிக்சல் விழ வேண்டும். 12 மைக்ரோமீட்டர் பிக்சலும் 50 மி.மீ. லென்ஸும் உள்ள ஒரு நல்ல கேமராவில், 1 கி.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் 24 செ.மீ. அகலத்தை மூடும். அரை மீட்டர் அகல மனிதன் இரண்டு பிக்சல். மனிதன்தான் என்று சொல்ல 260 மீட்டருக்கு வர வேண்டும், அடுத்த படிக்கு 160 மீட்டர். அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கான கணக்கு, தெளிந்த காற்றில், ஆள் முழுதாகத் தெரியும்போது. மரத்தடியில் ஒரு கால் மட்டும் நீண்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் எங்கே போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

மைக் விஷயத்துக்கு வருவோம். படம் தோற்கும் இடத்தில் பல முறை ஒலி உதவியிருக்கிறது. ஒலி இலையைச் சுற்றிக்கொண்டு வரும், இடிபாட்டின் இடுக்கு வழியாக வரும். கட்டடம் இடிந்த இடங்களில் நல்ல குழுக்கள் எல்லா எஞ்சின்களையும் நிறுத்தி, எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து, தட்டிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்பார்கள். அந்த அமைதிதான் அங்கே முதல் கருவி. ஒரு ஜெனரேட்டர் ஓடினாலும் போச்சு. ட்ரோனிலேயே மைக்கைக் கட்டிவிடலாமா என்று கேட்கிறார்கள். சொந்த விசிறிச் சத்தத்தில் கீழே முனகுபவரின் குரல் கேட்பது மிகக் கடினம். ட்ரோனை இறக்கிவிட்டுக் கேளுங்கள்.

ஒலியைக் கேட்கவும் நல்ல நேரம் உண்டு. வெயில் நேரத்தில் தரையோரக் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும், கொஞ்ச தூரத்துக்கு அப்பால் நிழல் விழுந்த மாதிரி எதுவும் கேட்காது. காற்றில்லாத தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். இங்கிலாந்தின் டெஞ்ச் கடற்கரையில் இன்றும் பெரிய கான்கிரீட் கிண்ணங்களும் 200 அடி நீளச் சுவரும் நிற்கின்றன. வரும் விமானங்களின் சத்தத்தை முன்கூட்டியே பிடிக்க 1920-களின் இறுதியில் தொடங்கிக் கட்டியவை. 10 கி.மீ. தூரத்துச் சத்தம் வந்து சேர 29 நொடி ஆகும். விமானங்கள் வேகமெடுத்தபோது அந்த நொடிகள் போதவில்லை, ராடார் வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் தேடும் வேலையில் நாம் விமானத்தைத் துரத்தவில்லை. அசையாமல் கிடக்கும் ஒருவரைத் தேடுகிறோம். ஒலிக்கு அங்கே நேரம் இருக்கிறது, நாம்தான் கொடுப்பதில்லை.

ஆக, படத்துக்கும் ஒலிக்கும் நல்ல நேரம் ஒன்றே: விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். பாறை குளிர்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். மதியம் பறக்கவிட்டது குற்றம் என்று சொல்லவில்லை. காணாமல் போனவருக்காக எந்த நேரமும் தேடத்தான் வேண்டும். மதியம் தேடியதை அதிகாலையில் மறுபடி தேடுங்கள் என்கிறேன். சூரியன் ஏறிய கொஞ்ச நேரத்திலும் மறையும் சமயத்திலும் மனிதனும் தரையும் ஒரே வெப்பநிலைக்கு வந்து இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகும் பொழுது ஒன்று உண்டு. அந்த நேரப் பதிவை நம்பி எந்த இடத்தையும் கழித்துவிடாதீர்கள்.

ஓட்டுபவர்களுக்கு: சூடு வெள்ளையாகத் தெரியும் அமைப்பு, சூடு கறுப்பாகத் தெரியும் அமைப்பு இரண்டிலும் பாருங்கள். படத்தில் கொதிக்கும் தகரக் கூரை ஒன்று வந்துவிட்டால் கேமரா தானாகவே மற்ற எல்லாவற்றையும் ஒரே சாம்பலாக்கிவிடும், வெப்ப எல்லையைக் கையால் நிறுத்திவையுங்கள். மரம் இருந்தால் நேர் மேலிருந்து மட்டும் பார்க்காமல் சாய்வாக, குறைந்தது இரண்டு திசையிலிருந்து பாருங்கள். அவ்வப்போது 'டிக்' என்று உள் ஷட்டர் மூடிப் படம் உறைகிறதே, அந்த நேரத்தில் கடந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். மென்பொருள் ஆளைச் சுற்றிப் பெட்டி போட்டுக் காட்டாததால் ஆள் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பதிவை இரண்டாவது ஆள் ஒருவர், களைப்பில்லாத கண்ணோடு, மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவரின் காலை நான் கண்டுபிடித்தது திறமையால் இல்லை. உட்கார்ந்து பார்க்க எனக்கு நேரம் இருந்தது.

தேடலை நடத்துபவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆள் இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கிறார், பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் இடத்தில் இருந்தால் 100-க்கு 60 முறை கண்டுபிடிக்கும் அளவுக்கு நன்றாகவே தேடுகிறீர்கள், கிடைக்கவில்லை. இப்போது அந்த இடத்தின் வாய்ப்பு பூஜ்யமா? இல்லை, ஏறக்குறைய 29 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. மதிய வெயிலில், மரங்களுக்கு மேல், வெள்ளைப் புள்ளியை மட்டும் தேடினால் அந்த 60-கூட வராது. இந்த மிச்ச வாய்ப்பைத் தாளில் எழுதிவைத்திருந்தால் யாராவது ஒருவரை மாலையில் அந்தச் சரிவுக்குத் திரும்ப அனுப்பியிருப்பார்கள்.

எனவே "ஆள் இல்லை" என்று எழுதாதீர்கள். "மதியம் 2 மணி, 120 மீட்டர் உயரம், நேர் கீழ்நோக்கிய கேமரா, மர அடர்த்தி அதிகம், தென்படவில்லை, அதிகாலையில் மறுபடி பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். அடுத்த முறைக்கு வருபவர் அதைப் படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துகொள்வார். காணாமல் போனவரின் வீட்டார் இதைப் படித்தால், யாராவது "ட்ரோனில் பார்த்தாச்சு" என்று சொல்லும்போது தயங்காமல் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், மறுபடி எப்போது பார்க்கப்போகிறீர்கள்?