சாக்லேட்டுக்கு ஒட்டும் பிள்ளைகள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஆள். புதிதாகச் சேர்ந்த உதவி மிஸ், கைப்பை நிறையச் சாக்லேட். "பசங்க என்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டாங்க மேடம்" என்கிறார். உங்களிடம் இல்லை தங்கச்சி, உங்கள் பையிடம்.

கடலூரில் 14 வருடமாக உதவி மிஸ் வேலை பார்க்கிறேன். சாக்லேட் தீர்ந்த நாளில் வகுப்பைப் பார்த்திருக்கிறேன், "நேத்து குடுத்தீங்கல்ல?" என்று கணக்குக் கேட்பார்கள். எழுதி முடித்தவர்களுக்குத்தான் என்று வேறு ஒரு சட்டம். முடிக்காத பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அந்தப் பிள்ளைக்காகத்தானே உங்களை வகுப்பில் வைத்திருக்கிறார்கள்? சர்க்கரை ஆகாத பிள்ளை ஒன்று இருந்தால் அது தனிக் கதை.

சில வருடங்களுக்கு முன் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், துறைமுகத்துப் பக்கம் வீடு. ஜூன் மூன்றாவது வாரத்தில் திடீரென்று நோட்டைத் திறக்க மாட்டேன் என்று அடம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவனே சொன்னான்: "அப்பா போட்டுக்குப் போயிட்டாரு." அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள் வீட்டோடு இருந்த அப்பா, விழித்துப் பார்த்தால் இல்லை. அதிலிருந்து தினமும் காலையில் "என்ன மீன் பட்டுச்சு?" என்று கேட்பேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து காட்டுவான். ஒருநாள் கவளையா என்றேன். "ஐய மிஸ், இது மத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டான். அன்றைக்குக் கணக்கும் போட்டான், பாதி தப்பு. இருக்கட்டும்.

பிள்ளை பக்கத்திலேயே நிற்கும்போது, அதன் தலைக்கு மேலே "இவன் ரொம்ப ஸ்லோ மேடம்" என்று பேசாதீர்கள். அதற்கும் காது இருக்கிறது. பாவம் என்று நீங்களே எழுதிக் கொடுப்பதையும் விடுங்கள். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று வகுப்பாசிரியைக்குத்தான் தப்பான கணக்கு போகிறது.

அப்புறம் ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நம்மிடம் ஒட்டிய பிள்ளை ஒருநாள் "யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்" என்று ஆரம்பிக்கும். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்றால் 2012 போக்சோ சட்டப்படி போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நம் மேலேயே வழக்கு வரும். பள்ளிப் பெயர் கெடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 1098, குழந்தைகள் உதவி எண். டைரியின் முதல் பக்கத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.