செமான்டிக் எலிமென்ட்: பொருண்மைக் கூறு

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் படிக்கத் தொடங்கும் பலர், டிவ் (div) என்ற ஒரு குறிச்சொல்லைக் கற்றதுமே பக்கம் முழுவதையும் அதைக் கொண்டே கட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் டிவ் வெறும் பெட்டிதான். உள்ளே இருப்பது மெனுவா, கட்டுரையா என்று அது சொல்லாது. நாவ் (nav), ஆர்ட்டிக்கிள், மெயின், ஃபுட்டர் போன்ற குறிச்சொற்கள் அதைச் சொல்லிவிடும். இப்படி உள்ளடக்கம் இன்னது என்று உணர்த்துபவையே செமான்டிக் எலிமென்ட்கள்.

கிரேக்கத்தில் 'சேமா' என்றால் குறி, அடையாளம். அந்த வேரிலிருந்து, சொற்பொருளை ஆராயும் துறைக்கு 1883இல் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷேல் பிரெயால் 'செமான்டீக்' என்று பெயரிட்டார். வலைக்கு அது பிறகு வந்தது. தலைப்பு, பத்தி, பட்டியல் என்று பொருளைக் குறிக்கும் குறிச்சொற்கள் ஹெச்டிஎம்எல்லில் ஆரம்பத்திலேயே உண்டு. நடுவில் ஃபான்ட் போன்ற அலங்காரக் குறிச்சொற்கள் புகுந்தன. பிறகு அலங்காரம், தோற்றத்துக்கென்றே உள்ள சிஎஸ்எஸ் மொழியின் பக்கம் ஒதுங்கியது. 2014இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான ஹெச்டிஎம்எல்5, நாவ், ஆர்ட்டிக்கிள் முதலியவற்றைச் சேர்த்தது.

பலன் யாருக்கு? முதலில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கு. என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் எச் (H) விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், டி (D) விசையை அழுத்தினால் மெயின், நாவ் போன்ற அடுத்த பகுதிக்கும் தாவலாம். டிவ் ஒன்றுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புபோல் காட்டியிருந்தால் எச் விசை அதைக் கண்டுகொள்ளாது. பொத்தான் கதை இன்னும் மோசம். பட்டன் குறிச்சொல் என்றால் டேப் விசையை அழுத்திக்கொண்டே போகும்போது அதில் வந்து நிற்கும், என்டர் தட்டினால் வேலை செய்யும். டிவ்வுக்கு வண்ணம் பூசிச் செய்த பொத்தான், தனியாக நிரல் எழுதிச் சேர்க்காவிட்டால், மவுஸுக்கு மட்டுமே அசையும்.

சரி, தமிழில்? 'பொருள்' என்றால் பண்டம் என்றும் ஆகிவிடும். அதனால் பொருண்மை நல்லது. 'பொருண்மை தெரிதலும் சொன்மை தெரிதலும்' என்று தொல்காப்பியமே இந்தப் பொருளில் ஆண்ட சொல். எலிமென்டுக்குத் தனிமம் வேண்டாம், அது வேதியியலுக்கு உரியது. கூறு போதும், உறுப்பு என்றாலும் தவறில்லை. பொருண்மைக் கூறு என்பதே என் தேர்வு. இதெல்லாம் நாம் பேசவும் எழுதவும்தான். நிரலுக்குள் நாவ் நாவாகவே இருக்க வேண்டும், உலாவிக்கு வேறு பெயர் தெரியாது.