அது காய்ச்சல் இல்லை, அம்மா

ஹேர்னியா ஒபரேஷனுக்கு வந்த பொடியன். "குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா?" என்று கிளினிக்கில் கேட்டேன், இல்லை என்றார்கள். வார்ட்டிலும் கேட்டேன், அதே பதில். தியேட்டர் வாசலுக்கு டிரொலி வந்த பிறகுதான் மாமி அழத் தொடங்கினார்: "இவன்ட சித்தப்பாவும் குடல்வாலுக்கு மயக்க மருந்து குடுத்துத்தான் போனவர்." தாயைத் திரும்பிப் பார்த்தேன். "அவர் காய்ச்சல் வந்துதானே டொக்டர் மோசம் போனவர்" என்கிறார்!

களுவாஞ்சிகுடியோ கல்முனையோ அக்கரைப்பற்றோ, இந்தக் 'காய்ச்சல்' கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. காய்ச்சலில் சூட்டைக் கூட்டச் சொல்வது மூளை, பெனடோல் அந்தக் கட்டளையைத்தான் இறக்குகிறது. மயக்க மருந்தால் வரும் இந்த 'மலிக்னன்ட் ஹைபர்தேர்மியா'வில் மூளை ஒன்றும் சொல்லவில்லை. பரம்பரையாக வந்த ஒரு கோளாறால், ஹாலோதேன், செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்களோ தசையைத் தளர்த்தும் சக்ஸாமெதோனியம் ஊசியோ பட்டதும் தசைக்குள் கல்சியம் கட்டுமீறிக் கொட்டி, உடம்புத் தசை முழுக்க விறைத்து எரிகிறது. சூடு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பாகை செல்சியஸ் வீதம்கூட ஏறும். இதற்குப் பெனடோல் கொடுத்து என்ன பயன்? கேட்பது, அந்தக் கல்சியத்தை அடக்கும் டான்ட்ரோலீன் என்ற மருந்து. 60 கிலோ ஆளுக்கு முதல் டோஸே 150 மில்லிகிராம். பழைய வகைக் குப்பி ஒன்றில் இருப்பது 20 தான், அதையும் 60 மில்லிலீட்டர் தண்ணீரில் குலுக்கிக் கரைக்கவேண்டும், எட்டுக் குப்பி முடிவதற்குள் நேர்ஸ்மாரின் கை ஓய்ந்துவிடும்.

1960இல் மெல்பேர்னில் கால் உடைந்து வந்த இளைஞன் ஒருவன், சொந்தக்காரர் பத்துப்பேர் ஈதர் மயக்கத்தில் செத்ததைத் தானாகவே டொக்டர்மாரிடம் சொன்னான். உலகத்துக்கு இந்த நோய் தெரியவந்ததே அப்படித்தான். நம்மவர்கள் மூன்றுதரம் கேட்டாலும் வாய் திறப்பதில்லை, சொன்னால் ஒபரேஷனை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தமாட்டோம், மருந்தை மாற்றுவோம், அவ்வளவுதான். முதுகில் போடும் ஊசிக்கோ, இடத்தை மட்டும் விறைக்க வைக்கும் ஊசிக்கோ இந்தப் பயமே இல்லை.

"போனமுறை ஒன்றும் நடக்கவில்லையே" என்றும் சொல்லாதீர்கள். இரண்டு தடவை சும்மா விட்டு மூன்றாவதிலும் காட்டலாம். மனநோய்க்கு ஹாலோபெரிடோல் எடுப்பவர் திடீரென விறைத்துக் கொதித்தாலும் பார்மசிக்கு ஓடவேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். அது வேறு நோய், ஆனால் அதுவும் சாதாரணக் காய்ச்சல் இல்லை.

பொடியனுக்கு முதுகில் ஊசி போட்டே ஒபரேஷன் முடிந்தது. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, சித்தப்பாவின் பிள்ளைகளுக்கும் காட்ட இதை ஒரு துண்டில் எழுதித் தாங்க என்று மாமிதான் வந்து கேட்டார்.