கூட்டு மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத் தலைவலி

ஸ்கேன் அறைக்கு வரும் சீட்டில் பெரும்பாலும் "தலைவலி, வாந்தி, மூளை எம்.ஆர்.ஐ." என்ற ஒற்றை வரிதான் இருக்கும். அப்படி வந்த ஓர் இளைஞரின் தாயார், மஞ்சள் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார். காசநோய் மாத்திரைகளை இரண்டு மாதமாகவும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை மூன்று வாரமாகவும் சாப்பிட்டு வந்தவர், தலைவலி தொடங்கியதும் இரண்டையும் நான்கு நாளாக நிறுத்தியிருந்தார். "மருந்துதான் சார் இவனுக்கு ஒத்துக்கலை" என்றார் அந்த அம்மா.

மருந்து தொடங்கிய பிறகுதான் உபாதை வந்தது என்பதில் அவர் சொன்னது சரி. நோய் எதிர்ப்பை நடத்தும் சிடி4 வெள்ளணுக்கள், ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 100க்கும் கீழே இறங்கிவிட்டவரின் உடலில், காசநோய்க் கிருமி மூளைவரை பரவியிருந்தாலும் அதை எதிர்க்க ஆளில்லாததால் வீக்கம் பெரிதாகத் தெரியாது. கூட்டு மருந்து வைரஸை அடக்கிய சில வாரங்களில் எதிர்ப்பாற்றல் மீண்டெழுந்து, உயிருள்ள கிருமியையும் செத்த கிருமியின் எச்சத்தையும் ஒருசேரத் தாக்கத் தொடங்கும்போது அழற்சி பெருகுகிறது. எதிர்ப்பாற்றல் மீள்வதால் வரும் இந்த அழற்சியை மருத்துவர்கள் ஐரிஸ் (IRIS) என்பார்கள். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும் இது, நெறிகட்டியில் வந்தால் வலியோடு போகும். வீங்க இடமில்லாத மண்டையோட்டுக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் பாதிப்பை எடுத்துக்காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து, ஏற்றாத சி.டி. ஸ்கேனில் இது ஏறக்குறைய இயல்பாகவே தெரியக்கூடும். கான்ட்ராஸ்ட் ஏற்றிய எம்.ஆர்.ஐ.யில்தான் மூளையின் அடிப்பகுதி உறைகள் தடித்து ஒளிர்வதும், காசநோய்க் கட்டிகள் வளையங்களாகத் தெரிவதும், அவற்றைச் சுற்றிய நீர்வீக்கமும் தெளிவாகும். மூளையறைகளில் நீர் தேங்கியிருக்கிறதா, அடிப்பகுதி இரத்தக் குழாய்கள் அடைபட்டு ஆழ்பகுதியில் பக்கவாதப் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா என்பதையும் தேடுவோம். இந்த இளைஞரின் பழைய படத்தில் இரண்டு சிறு புள்ளிகளே இருந்தன. இப்போது ஏழு வளையங்கள். பழைய படம் கையில் இல்லாவிட்டால் அந்த மாற்றம் எனக்குத் தெரிந்திருக்காது.

ஆனாலும் படத்தை மட்டும் வைத்து ஐரிஸ் என்று எழுதிவிடுவது தவறு என்றே நான் கருதுகிறேன். மருந்துக்கு அடங்காத காசநோய், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்று, லிம்போமா என்ற புற்றுநோய் ஆகியவையும் இதே வளையங்களைக் காட்டலாம் என்பதால், தண்டுவட நீர்ப் பரிசோதனையும் மாத்திரை விடாமல் சாப்பிட்டாரா என்ற விசாரணையும் சேர்ந்தே முடிவைத் தர வேண்டும். சீட்டில் கூட்டு மருந்து தொடங்கிய தேதியும் சிடி4 எண்ணிக்கையும் இருந்தால் எங்கள் பார்வையே மாறும். நோயாளியின் இரகசியத்தை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் காக்கிறது, எனவே மூடிய உறையில் அனுப்பினால் போதும்.

மூளையுறைக் காசநோய் உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்தை உடனே தொடங்குவதால் உயிர்கள் கூடுதலாகப் பிழைக்கவில்லை, கடுமையான பாதிப்புகளே கூடின என்று வியட்நாமில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால்தான் அவர்களுக்கு மட்டும், காசநோய் சிகிச்சை தொடங்கி நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் கூட்டு மருந்தைத் தொடங்குகிறார்கள். இந்தக் காத்திருப்பை மருத்துவரின் அலட்சியமென்று எண்ண வேண்டாம்.

தீராத தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, மயக்கநிலை, வலிப்பு, கைகால் பலவீனம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த இளைஞருக்கு இரண்டு மருந்துகளும் மறுபடி தொடங்கப்பட்டு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் சேர்க்கப்பட்டது. ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் நீர்வீக்கம் வடிந்திருந்தது. வளையங்கள் இன்னும் இருந்தன, அவை கரைய மாதங்கள் ஆகும்.