ஃபாசில்: புதைபடிவமா, எச்சமா, சுவடா?

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் செம்மண் மேட்டில் ஒரு மரத்துண்டு கிடக்கிறது. வரியோட்டம் தெரிகிறது, கணு தெரிகிறது. கையை வைத்தால்தான் கல்லென்று புரியும். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. ஊரார் அதைக் கல்மரம் என்பார்கள். நம் பாடநூல் புதைபடிவம் என்கிறது. ஆங்கிலத்தில் ஃபாசில்.

ஃபாசில் லத்தீன் வழி வந்த சொல். 'ஃபோடெரே' என்றால் தோண்டுதல். 'ஃபாசிலிஸ்' என்றால் தோண்டி எடுக்கப்பட்டது. அதில் உயிர் என்ற பேச்சே இல்லை. 1546-இல் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா எழுதிய நூலில் தாது, ரத்தினம் என மண்ணுக்குள்ளிருந்து வந்த எல்லாமே ஃபாசில்தான். பழங்கால உயிர்களுக்கு மட்டும் என்று பொருள் சுருங்கியது பிற்பாடு.

தமிழ்ச்சொல் அதைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. புதை, படி என்ற இரண்டு வினைகள் அதில் இருக்கின்றன. ஆற்றில் வண்டல் படிகிறது. எழுதியதை நகலெடுத்தால் அதுவும் 'ஒரு படி'. செத்த சிப்பி சேற்றில் புதைகிறது, மேலே மண் படிந்து இறுகுகிறது. ஓடு கரைந்துபோனாலும் அதன் குழிவு நிற்கிறது. அந்தக் குழிவில் வேறு தாது நிறைந்தால் சிப்பிக்கு ஒரு படி கிடைத்துவிடும். நடந்ததை அப்படியே சொல்லும் சொல் இது. மாணவர்களுக்கு இதைப் பிரித்துக் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. சைபீரியப் பனியில் சதையும் மயிருமாகக் கிடைத்த மாமத் யானையில் படிவம் எங்கே? அங்கே தொல்லுயிர் எச்சம் என்பதே சரி. எஞ்சியது எச்சம். பறவையின் கழிவுக்கும் நம்மிடம் அதே சொல்தான். கல்லாகிப்போன பழங்காலச் சாணமும் இந்த வகையில் சேர்த்திதான். 1829-இல் வில்லியம் பக்லேண்ட் அதற்குக் 'காப்ரோலைட்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் அதன் பொருள் சாணக்கல். எச்சம் என்ற ஒரே சொல் எலும்பையும் சாணத்தையும் சேர்த்து அணைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது உயிர்ச்சுவடு. நிலக்கரியும் பெட்ரோலியமும் அங்கே சுவட்டு எரிபொருள். உடலின் துணுக்குகூட மிஞ்சாமல் டைனோசரின் காலடி மட்டும் பாறையில் பதிந்திருந்தால், சுவடு என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

பொதுப்பெயராகப் புதைபடிவம், உடலே மிஞ்சியிருந்தால் எச்சம், தடம் மட்டும் என்றால் சுவடு என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் கலந்து எழுதும்போதுதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

கல்மரத்தையும் விட்டுவிடக் கூடாது. மண்ணுக்குள் ஊறிய நீர் சிலிக்காவைக் கரைத்து எடுத்துவந்து மரத்தின் நுண்ணறைகளில் சிறுகச் சிறுக நிரப்பியது, மரம் கல்லானது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கிடப்பது 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமை. அன்று அந்தப் பகுதியில் கடல் இருந்தது; மரம் அதன் அடிச்சேற்றில் புதைந்தது. அங்கேயும் ஊரார் வைத்த பெயர் கல்மரம்தான்.